எழுவாய் இல்லாத பாராட்டு

2021 டிசம்பரில், மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த தேவராஷ்ட்ரே என்னும் ஊரின் கொல்லர் ஒருவர் சில நாள்களுக்கு நாடு முழுவதும் அறியப்பட்டவரானார். பழைய வண்டிகளின் உதிரிபாகங்களையும் காயலான்கடை இரும்பையும் கொண்டு, ஏறத்தாழ 60,000 ரூபாய்ச் செலவில், மகனின் ஆசைக்காக அவர் ஒரு சிறிய ஜீப்பைக் கட்டியிருந்தார். இருசக்கர வண்டியைப் போலக் காலால் உதைத்துக் கிளப்பும் நான்கு சக்கர வண்டி அது. அதன் காணொளியைப் பகிர்ந்த ஆனந்த் மகிந்திரா, அந்த வண்டி எந்த விதிமுறைக்கும் உட்படாது என்பதைச் சொல்லிக்கொண்டே செய்தவரின் திறனை வியந்தார். அதிகாரிகள் இன்றோ நாளையோ அதைச் சாலையிலிருந்து அகற்றிவிடுவார்கள் என்பதால், அதற்கு ஈடாகப் புதிய பொலேரோ ஒன்றைத் தருவதாகவும், அந்த ஜீப்பைத் தம் ஆராய்ச்சி மையத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்றும் எழுதினார். 2022 ஜனவரியில் அந்த மாற்று நடந்தேறியது. கொல்லருக்குப் பொலேரோ, செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திராவின் ஆராய்ச்சி மையத்துக்கு ஜீப்.

எல்லோரும் மகிழ்ந்தனர். மகிழத் தக்கதுதான்; கொடுத்தவரிடம் குறை இல்லை. சட்டம் என்ன செய்யும் என்பதை அவர் உள்ளபடியே சொன்னார், சொன்னதைக் கொடுத்தார். ஆனால் அந்தக் கொண்டாட்டத்துக்கு அடியில் நிகழ்ந்தது என்ன? ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்று காட்சிப்பொருளாயிற்று. வண்டி கட்டத் தெரிந்த ஒருவர் வண்டி ஓட்டுபவர் ஆனார். ‘இந்த வண்டியின் பிரேக் பிடிக்கிறதா, பற்றவைப்பு தாங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல இந்த நாட்டில் ஓர் ஆள் கூடவா இல்லை?’ என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்பவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பாமல் செய்யப்படும் எந்தப் பாராட்டும், பாராட்டப்படுபவருக்குப் பயன்படாது.

இத்தகைய வேலைக்கு வட இந்தியாவில் ஒரு சொல் உண்டு: ஜுகாட். இந்தியில் அது பெரும்பாலும் வினையோடு சேர்ந்து புழங்கும் சொல். ‘ஜுகாட் கர்னா’, ‘ஜுகாட் லகானா’ என்பார்கள். கிடைத்ததைக் கொண்டு ஒரு வழி செய்வது என்பது ஒரு பொருள். ஆள்பிடித்துக் காரியத்தை முடித்துக்கொள்வது இன்னொரு பொருள். மூன்றாவதாக, அது ஒரு வண்டியின் பெயரும்கூட. கிணற்றில் நீர் இறைக்கும் டீசல் என்ஜினை மரப்பலகை மேடையின் முன்புறம் பூட்டி, பழைய ஜீப்பின் கியர்பாக்ஸையும் ஸ்டியரிங்கையும் அச்சையும் இணைத்து, உழவர்களையும் விளைச்சலையும் கல்யாணக் கூட்டத்தையும் ஏற்றிச் செல்லும் வண்டி. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் பேருந்து எட்டிப்பார்க்காத ஊர்களை அதுதான் சந்தையோடு இணைத்தது.

இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது கவனிக்கத்தக்கது. 2012இல் ‘ஜுகாட் இன்னொவேஷன்’ என்ற நூல் ஆங்கிலத்தில் வெளியானது. அதற்குப் பிறகு மேலாண்மைக் கல்வி நிலையங்களிலும் நிறுவனங்களின் பயிலரங்குகளிலும் இந்தச் சொல் ஒரு பண்புப்பெயராயிற்று. இந்தியர்களின் இயல்பு, இந்திய மனத்தின் நெகிழ்வு, குறைந்த செலவில் நிறைந்த பயன் என்றெல்லாம் அதற்கு விளக்கங்கள் பெருகின. வினை பண்பாகும்போது முதலில் உதிர்வது வினைமுதல். ‘இவர் இதைச் செய்தார்’ என்பதில் ஒரு மனிதர் இருக்கிறார். ‘இது நம் நாட்டின் ஜுகாட்’ என்பதில் மனிதர் இல்லை, நாடு இருக்கிறது. நாட்டுக்கு வாகனப் பதிவுச் சான்று தேவையில்லை, மனிதருக்குத் தேவை. தமிழில் இதற்கு அருகில் வரும் ‘ஒப்பேற்றுதல்’ என்னும் சொல்லில் பெருமிதத்தைவிடச் சலிப்பே மிகுதி. அந்தச் சலிப்பு நேர்மையானது. ஏனெனில் ஒப்பேற்றுபவர் எவரும் அதை விருப்பத்தால் செய்வதில்லை என்பதை அது மறைப்பதில்லை.

ஒரே சொல்லை இரண்டு அவைகள் எடுத்துக்கொண்டன. மேலாண்மை அவை பண்பை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டது. நீதிமன்ற அவை வண்டியை எடுத்துக்கொண்டது. 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், விபத்து இழப்பீடு தொடர்பான ஒரு வழக்கில், ஜுகாட் என்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 2(28) பிரிவின்படி மோட்டார் வாகனமே என்றும், எனவே பதிவும் காப்பீடும் இன்றி அது சாலையில் ஓடலாகாது என்றும் கூறியது. தீர்ப்பின் தர்க்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் பதிவு இல்லாமல் ஓடக் கூடாது என்ற அந்தச் சட்டத்தின் கீழ், அப்படி ஒரு வண்டியைப் பதிவு செய்வதற்கு வழி எது?

வழி இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதி, வாகன உற்பத்தியாளர் தம் முன்மாதிரியைக் குறிப்பிட்ட சோதனை நிறுவனங்களுள் ஒன்றிடம் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும் என்கிறது. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐகேட், ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அவை. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான வண்டிகளை வார்த்து விற்கும் நிறுவனத்துக்காக வகுக்கப்பட்ட வழி இது. ஆயிரம் வண்டிக்கு ஒரு முன்மாதிரி என்றால் சோதனைச் செலவு ஆயிரத்தில் பங்கிடப்படும். ஒரே ஒரு வண்டி கட்டியவருக்கு முன்மாதிரியும் அதுவே, உற்பத்தியும் அதுவே, முழுச் செலவும் அவருடையதே.

பழைய வண்டி ஒன்றை அடிப்படையாக வைத்து மாற்றிக் கட்டலாமே என்றால், அங்கே 52ஆம் பிரிவு நிற்கிறது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டுத் திருத்தம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது: அனுமதியற்ற மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காயலான்கடையில் எடுத்த அச்சு ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று, ஸ்டியரிங் ஒன்று, என்ஜின் ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனால், 60,000 ரூபாய் வண்டியின் விலையில் கணிசமான பகுதி அபராதத்துக்கே சரியாகிவிடும்.

இதே 52ஆம் பிரிவு பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவருக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மாநில அரசு அறிவிக்கை வழியே அனுமதித்தால், பதிவு அலுவலரின் முன் ஒப்புதல் இன்றியே அவர் தம் வண்டிகளின் என்ஜினை அதே தயாரிப்பு, அதே வகை என்ஜினால் மாற்றிக்கொள்ளலாம். சலுகை சிறியதுதான். ஆனால் அதன் உள்ளே இருக்கும் எண்ணம் சிறியதல்ல. பத்து வண்டி வைத்திருப்பவரின் பட்டறையைச் சட்டம் நம்புகிறது. ஒரு வண்டி வைத்திருப்பவரின் கையை நம்புவதில்லை. அதே சட்டத்தின் வாகன வரையறையும் அப்படித்தான். தொழிற்சாலைக்குள்ளோ அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென அமைந்த வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. வேலி போட்ட விடுதி வளாகத்தில் விருந்தினரைச் சேற்றில் ஏற்றி இறக்கும் இறக்குமதி வண்டிகளுக்கு அந்த வேலியே அரண். உழவரின் வண்டிக்கும் சாலை பெரும்பாலும் தேவையில்லை. வாய்க்கால் கரையும் வயல் வரப்பும் மணல் தடமும்தான் அதன் வழி. ஆனால் அவருடைய இரண்டு வயல்களுக்கு நடுவே ஊர்ச்சாலை ஒன்று குறுக்கிடுகிறது. அந்தப் பதினைந்தடி அகலத்தைக் கடக்கும் கணத்தில் அவர் குற்றவாளியாகிறார்.

கரடுமுரடான தடங்களில் ஓடும் வண்டியின் வரலாறே பழைய பாகங்களிலிருந்து தொடங்கியது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1947இல் பிரிட்டனின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ், போரில் மிஞ்சிய ஜீப்பின் அடிச்சட்டகத்தில் ரோவர் காரின் என்ஜினைப் பூட்டி ஒரு வண்டியை உருவாக்கினார். எஃகுக்குப் பங்கீடு இருந்த காலம் என்பதால் உடலுக்கு அலுமினியம் தேர்ந்துகொள்ளப்பட்டது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டியின் பெயர் லேண்ட் ரோவர். 2008இல் அதை வாங்கியது இந்தியாவின் டாடா மோட்டார்ஸ். அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டிக் கட்டித்தான் பிலிப்பைன்ஸ் தன் பொதுப்போக்குவரத்தான ஜீப்னியை உருவாக்கிக்கொண்டது. மகிந்திரா நிறுவனமும் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டித்தான் வாகனத் துறைக்குள் நுழைந்தது. இன்றைய இந்தியச் சட்டத்தின் முன் மாரிஸ் வில்க்ஸ் தம் முதல் வண்டியோடு வந்து நின்றால், அவருக்குக் கிடைப்பது பதிவெண் அல்ல, 182ஏ பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு.

பாதுகாப்பு என்ற வாதம் இங்கே எழும். எழ வேண்டும். அதை எளிதாகக் கடந்துபோகிறவர்கள் இந்த வண்டிகளில் ஒருநாளும் ஏறாதவர்கள். ஜுகாட் வண்டிகளின் பிரேக் பலவற்றில் பெயரளவுக்குத்தான். சரிவில் நிறுத்த உதவியாள் குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையைப் போடுவது வழக்கம். விளக்கு இல்லை, பின்புறத்தில் ஒளிதிருப்பி இல்லை, கவிழ்ந்தால் தலையைக் காக்கக் கூண்டு இல்லை. எந்தச் சுமைக்கு வார்க்கப்பட்டது என்று தெரியாத அச்சின்மேல் நாற்பது பேர் அமர்கிறார்கள். இதைப் ‘படைப்பூக்கம்’ என்று வியப்பது, ஏழையின் உயிருக்குக் குறைந்த விலை குறிப்பதே ஆகும். ஜுகாட்டைப் போற்றி எழுதுகிறவர்களுள் எவரும் தம் பிள்ளையை அந்த வண்டியில் பள்ளிக்கு அனுப்புவதில்லை.

ஆகவே தடை சரிதான் என்று முடித்துவிடலாமா? தடையால் வண்டி நின்றிருந்தால் அப்படி முடிக்கலாம். நிற்கவில்லை. தடைக்குப் பிறகும் ஓடும் வண்டிக்குச் சோதனை இல்லை, பதிவு இல்லை. பதிவு இல்லாததால் 146ஆம் பிரிவு கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் இல்லை. அது மோதி ஒருவர் இறந்தால், அவர் குடும்பம் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க முடியாது. காயலான்கடை இரும்பில் வண்டி கட்டியவரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் என்ன இருக்கும்? வழியில்லாத தடை, வண்டி கட்டியவரை மட்டுமல்ல, சாலையோரம் நடந்துபோன மூன்றாமவரையும் கைவிடுகிறது. பாதுகாப்பின் பெயரால் பாதுகாப்புக்கு வெளியே ஒரு பெரும்பரப்பை உண்டாக்கிவைத்ததுதான் இந்தத் தடையின் சாதனை.

பஞ்சாபில் 2022 ஏப்ரலில் நடந்தது இதற்குச் சான்று. மோட்டார்சைக்கிளின் முன்பாதியோடு தள்ளுவண்டியை இணைத்த ஜுகாட் ரேஹ்ரிகளைச் சாலையிலிருந்து அகற்றும்படி காவல்துறை உத்தரவு பிறந்தது. எதிர்ப்பு எழுந்தது, சில நாள்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஏழைகளின் பிழைப்பு காக்கப்பட்டது என்று ஒரு தரப்பு கைதட்டியது. சட்டம் தோற்றது என்று மறுதரப்பு வருந்தியது. அந்த வண்டிகளின் பிரேக்கைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை. தடை வந்தபோதும் வண்டி சோதிக்கப்படவில்லை. தடை போனபோதும் சோதிக்கப்படவில்லை. நடுவில் இருந்த ஒரே நியாயமான வழி அதுதான்.

சோதிக்கும் ஆற்றல் நாட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆண்டுதோறும் ‘பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா’ என்ற போட்டி நடக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, கரடுமுரடான தடத்தில் ஓடக்கூடிய ஒற்றை இருக்கை வண்டியைத் தாமே வடிவமைத்துக் கட்டுகிறார்கள். அந்தப் போட்டிக்கு நெடுங்காலமாக ஆதரவு தரும் நிறுவனமும் மகிந்திராதான். அங்கே வண்டியைத் தடத்தில் இறக்குமுன் நடுவர்கள் கூண்டின் குழாயையும் பற்றவைப்பையும் பார்க்கிறார்கள்; ஆபத்தில் என்ஜினை அணைக்கும் விசை வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள்; ஓட்டி வந்து பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். தேறாத வண்டியைத் திருத்திக்கொண்டு வரச் சொல்கிறார்கள். பிரேக் சோதனைக்குத் தேவைப்படுவது கொஞ்சம் தரையும் சில நேர்மையான கண்களும் மட்டுமே.

மாணவர் கட்டினால் அது பொறியியல். கொல்லர் கட்டினால் அது ஜுகாட். மாணவரின் வண்டிக்கு நடுவர் வருகிறார். கொல்லரின் வண்டிக்குக் காவலர் வருகிறார். மாணவருக்கு அது வேலைவாய்ப்புக்கான சான்று. கொல்லருக்கு அது வழக்குக்கான சான்று. போட்டி வண்டி பொதுச்சாலைக்கு வருவதில்லை என்ற வேறுபாடு உண்மையே. ஆனால் கட்டப்பட்ட ஒரு வண்டியை அருகிருந்து ஆராய்ந்து, குறை சொல்லி, திருத்தவைத்து, தேறியபின் ஓடவிடும் முறை ஒன்று இந்த நாட்டில் ஏற்கெனவே செயல்படுகிறது என்பதும் உண்மை. அதைத் தேவராஷ்ட்ரேவுக்கு விரிக்காததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. யாருடைய கை அறிவுடையது என்பது குறித்த மிகப் பழைய, சாதியின் நிழல் விழுந்த ஒரு தீர்மானம்.

பிற நாடுகள் இந்தக் கேள்வியைத் தீர்த்திருக்கின்றன. பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கான தனி ஒப்புதல் முறை உண்டு. தன் கையால் கட்டியவர்களுக்கென்றே அதில் ஒரு வகை உண்டு. ஆய்வாளர் அந்த ஒரு வண்டியைப் பார்க்கிறார், தேறினால் பதிவுக்குப் பரிந்துரைக்கிறார். பழைய பாகங்களால் ஆன, வயது தெரியாத வண்டி என்றால் ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் தரப்படுகிறது. எதிரே வருபவருக்கும் வாங்குபவருக்கும் அதன் பிறப்பு தெரிந்துவிடும். பெருமளவு மாற்றப்பட்ட வண்டிகளுக்கு அந்நாடு நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கை வைத்திருந்தது. அடிச்சட்டகத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, என்ஜினுக்கு 1. எட்டுப் புள்ளிக்கு மூலப்பாகங்கள் இருந்தால் பழைய பதிவு தொடரும்; இல்லையேல் புதிதாக ஆய்வுக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் தனியாகக் கட்டப்பட்ட வாகனம் என்றே ஒரு வகை இருக்கிறது. இந்தியச் சட்டத்துக்கும் இந்தச் சிந்தனை அந்நியமல்ல. பெட்ரோல் வண்டியில் ஒப்புதல் பெற்ற எரிவாயுக் கருவியைப் பொருத்திக்கொள்ள 52ஆம் பிரிவே இடம் தருகிறது. மாற்றம் என்றாலே குற்றம் என்பது சட்டத்தின் கொள்கை அல்ல. யார் விற்கும் மாற்றம் என்பதுதான் அதன் அளவுகோல் என்று ஐயுற இடமிருக்கிறது.

இரண்டு மறுப்புகள் எஞ்சுகின்றன. ஒன்று திருட்டு. பழைய பாகங்களுக்கு வழி திறந்தால் திருட்டு வண்டிகளுக்கும் வழி திறக்கும் என்பார்கள். மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்றதற்குப் பேர்போனது. 2021 இறுதியில் காவல்துறை அதை மூடியது. ஆனால் திருட்டுப் பாகம் செழிப்பது கேள்வி கேட்கப்படாத சந்தையில்தான். எந்த அச்சு எந்தக் கடையில் எந்த ரசீதோடு வந்தது என்று ஆய்வாளர் கேட்கத் தொடங்கும் நாளில்தான் காயலான்கடையில் ரசீதுக்கு மதிப்பு பிறக்கும். 2021இன் வாகன அழிப்பு விதிகள் பதிவுபெற்ற அழிப்பு நிலையங்களை உருவாக்கியிருக்கின்றன. நல்ல பாகத்தைச் சான்றோடு விற்கும் கடமையையும் அவற்றிடம் ஒப்படைத்தால் திருடரின் சந்தை சுருங்கும்.

மற்றொன்று புகை. 2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. நீர் இறைக்கும் என்ஜின் அதற்கு அருகில்கூட வராது. இந்த மறுப்பு வலுவானது. இதற்கு விடை வரம்புதான்: ஒருவருக்கு ஒரு வண்டி, விற்பனைக்கு அல்ல, வாடகைக்கும் அல்ல, பதிவுபெற்ற வண்டியிலிருந்து எடுத்த என்ஜினுக்கு மட்டும் இடம், குறைந்த வேகம், நெடுஞ்சாலைக்கு அனுமதி இல்லை. இந்த வரம்புக்குள் வராத வண்டி ஓடாமல் போகட்டும். அப்போது அந்தத் தடைக்கு அறம் இருக்கும். ஏனெனில் ஓடுவதற்கான வழியையும் அதே சட்டம் காட்டியிருக்கும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. ஒற்றை வண்டிக்கான ஒப்புதலை 126ஆம் விதியின் அருகில் ஒரு புதிய விதியாகச் சேர்க்கலாம். மாவட்டந்தோறும் உள்ள தொழிற்பயிற்சி நிலையத்தையோ பாலிடெக்னிக்கையோ ஆய்வு மையமாக அறிவிக்கலாம். பிரேக், ஸ்டியரிங், பற்றவைப்பு, விளக்கு, கூண்டு, பாகங்களின் ரசீது ஆகியவற்றைப் பார்க்கும் ஒரு படிவம் போதும். அது வட்டார மொழியில் இருக்க வேண்டும். தேறாத வண்டிக்குக் காரணத்தையும் அதே மொழியில் எழுதித் தர வேண்டும். திருத்திக்கொண்டு மீண்டும் வரும் உரிமை வேண்டும். இன்று அந்த உரிமை எவருக்கும் இல்லை. ஏனெனில் முதல்முறை வருவதற்கே வாசல் இல்லை.

செங்கல்பட்டுக்கு அருகே ஓர் ஆராய்ச்சி மையத்துக்குத் தேவராஷ்ட்ரேவின் ஜீப் போய்ச் சேர்ந்தது, பொறியாளர்களுக்கு ஊக்கம் தருவதற்காக என்று சொல்லப்பட்டது. அந்த மையத்துக்கு எளிதில் போய்வரக்கூடிய தொலைவில், ஒரகடத்தில், வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. வியப்பதற்காக அந்த வண்டி மகாராஷ்டிரத்திலிருந்து தமிழ்நாடு வரை வர முடிந்தது. சோதிக்கப்படுவதற்காக அது இன்னும் கொஞ்ச தூரம் போவதற்குத்தான் இந்த நாட்டில் விதி இல்லை.